கோவையில் ஒரு கண்டுபிடிப்பு நடை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஞாயிற்றுக்கிழமை காலைகளில் தெரிந்தவர்களையும், தெரிந்தவர்களுக்குத் தெரிந்தவர்களையும் கூட்டிக்கொண்டு டவுன்ஹாலிலிருந்து அவிநாசி ரோடு வரை நடப்பது எனக்குப் பழக்கமாகிவிட்டது. இந்த ஊரில் என்னென்ன கண்டுபிடித்தார்கள், அதனால் யார் வாழ்க்கை எப்படி மாறியது என்பதுதான் நடையின் பேச்சு. வருகிறவர்கள் மாறினாலும் கேள்விகள் மாறுவதே இல்லை. வாய் வலிக்கிறது, அதனால் எழுதி வைத்துவிட்டேன். கேள்விகளை அவர்கள் கேட்டபடியே போட்டிருக்கிறேன்.

ஏனுங்க, கோயமுத்தூர்ல நடந்து பார்க்க என்ன இருக்குது? ஒரு கோட்டைகூட இல்லையே?

கோட்டை இருந்தது. இப்போது கோட்டைமேடு என்ற பெயர் மட்டும் மிச்சம். அரண்மனை, அகழி என்று எதிர்பார்த்து வந்தால் ஏமாற்றம்தான், முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மதுரைக்காரர்களும் தஞ்சாவூர்க்காரர்களும் இதைச் சொல்லியே நம்மைக் கிண்டல் செய்வார்கள், அதற்கு என்னிடம் பதில் கிடையாது.

நம்மிடம் இருப்பது வேறு. உங்கள் வீட்டு கிரைண்டர், தோட்டத்து மோட்டார், நீங்கள் சாப்பிடும் சர்க்கரைக்கான கரும்பு, சினிமா கொட்டகை என்று தினமும் கையில் படுகிற சாமான்களின் கதை ஏதோ ஒரு விதத்தில் இந்த ஊர் வழியாகப் போகிறது. அந்த இடங்கள் பார்வைக்கு ஒன்றுமே இருக்காது. கதை தெரிந்தால் நின்று பார்ப்பீர்கள், தெரியாவிட்டால் ஹார்ன் அடித்துக்கொண்டு கடந்து போவீர்கள்.

எங்க ஆரம்பிச்சு எங்க முடியும்? எவ்வளவு தூரம்?

டவுன்ஹாலில் கூடுகிறோம். அங்கிருந்து வெரைட்டி ஹால் ரோடு, ரயில்வே ஸ்டேஷன், அப்புறம் சென்ட்ரல் ஜெயில், வ.உ.சி. பூங்கா ஓரம், கடைசியில் அவிநாசி ரோட்டில் ஜி.டி. நாயுடு அருங்காட்சியகம். மொத்தமாக ஐந்தாறு கிலோமீட்டர் வரும். நின்று பேசிக்கொண்டே போவதால் மூன்றரை மணி நேரம், கேள்வி கேட்பவர்கள் அதிகமாக இருந்தால் நாலு.

ஜெயிலைத் தாண்டியதும் வெயில் ஏறிவிட்டால் கடைசி இரண்டு கிலோமீட்டரை டவுன் பஸ்ஸில் போய்விடலாம். ஆரம்பத்தில் நான் வீம்புக்கு எல்லோரையும் நடத்தியே கூட்டிப் போனேன். ஒரு ஏப்ரல் மாதம் எட்டு பேரில் மூன்று பேர் பாதியிலேயே ஆட்டோ பிடித்து வீட்டுக்குப் போய்விட்டார்கள், அதிலிருந்து புத்தி வந்தது.

எங்கம்மாவுக்கு முட்டி வலி, கூட்டிட்டு வரலாங்களா?

டவுன்ஹால், வெரைட்டி ஹால் ரோடு வரை தாராளமாக வரலாம். அங்கே கடை வாசல்களில் உட்கார இடம் கொடுப்பார்கள். அதற்கப்புறம் ரோடு கடக்க வேண்டிய இடங்கள் நிறைய, நடைபாதை பெயருக்குத்தான். ஆனால் அம்மாவைக் கூட்டிக்கொண்டு வாருங்கள் என்றுதான் சொல்வேன். கிரைண்டர் கதையை நான் சொல்வதைவிட அவர் சொன்னால் நன்றாக இருக்கும். ஏன் என்று கீழே படியுங்கள்.

டவுன்ஹால்ல என்ன கண்டுபிடிப்பு? அங்க ஏன் ஆரம்பிக்கறீங்க?

அங்கே ஒன்றும் கண்டுபிடிக்கவில்லை. 1892-ல் கட்டிய நகர மண்டபம், அவ்வளவுதான். ஆனால் இந்த ஊரின் பழைய உடம்பு அதைச் சுற்றித்தான் இருக்கிறது. ஒப்பணக்காரத் தெரு, பெரிய கடைவீதி, ராஜ வீதி என்று எல்லாம் நெருக்கியடித்துக் கிடக்கும். நூறு வருடத்துக்கு முன் இந்த நெருக்கத்தில்தான் பிளேக் வந்து ஆட்களை அள்ளிக்கொண்டு போனது, ஒரு தடவை அல்ல, திரும்பத் திரும்ப. கோவையில் பிளேக் மாரியம்மன் கோயில்கள் இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். வெளியூர்க்காரர்கள் போர்டைப் படித்துவிட்டுச் சிரிப்பார்கள். ஒரு வீட்டில் நாலு பேரை ஒரே வாரத்தில் எடுத்துப் போட்டவர்கள் கட்டிய கோயில் அது, சிரிக்கிற விஷயமில்லை.

ஊர் மேற்கே விரிந்து ஆர்.எஸ். புரம் உருவானதற்கும், 1920-களின் இறுதியில் சிறுவாணித் தண்ணீர் குழாயில் வந்ததற்கும் பின்னால் இந்த நெருக்கடி இருக்கிறது. ஆர்.எஸ். என்றால் இரத்தினசபாபதி முதலியார், சிறுவாணித் தண்ணீரைக் கொண்டுவரப் பாடுபட்ட நகராட்சித் தலைவர். அதற்கு முன் கோடைகாலத்தில் இந்த ஊரில் பெண் கொடுக்கவே யோசிப்பார்கள் என்று பெரியவர்கள் சொல்லிக் கேட்டிருக்கிறேன். குழாய்த் தண்ணீரை யாரும் கண்டுபிடிப்பு என்று சொல்ல மாட்டார்கள். ஆனால் குடத்தைத் தூக்கிக்கொண்டு நடந்த கால்களைக் கேட்டால் வேறு பதில் வரும்.

வெரைட்டி ஹால் ரோடு இருக்குது, வெரைட்டி ஹால் எங்க?

இல்லை. பின்னாளில் டிலைட் தியேட்டர் என்று பெயர் மாறி ஓடிக்கொண்டிருந்தது, இப்போது அந்தத் தியேட்டரும் இல்லை. ரோட்டின் பெயரில் மட்டும் உயிரோடு இருக்கிறது.

அதைக் கட்டியவர் சாமிக்கண்ணு வின்சென்ட். கோவைக்காரர், திருச்சியில் ரயில்வே குமாஸ்தா. 1905-ல் டூபாண்ட் என்ற பிரெஞ்சுக்காரர் படம் காட்டிக்கொண்டே ஊர் ஊராக வந்தவர், உடம்பு முடியாமல் தன் நாட்டுக்குத் திரும்ப வேண்டிய நிலையில் புரொஜெக்டரையும் படச் சுருள்களையும் விற்க நினைத்தார். வின்சென்ட் இரண்டாயிரம் ரூபாய்க்கு மேல் புரட்டி அதை வாங்கினார். ஒரு குமாஸ்தாவின் சம்பளத்துக்கு அது எத்தனை வருடப் பணம் என்று யோசித்துப் பாருங்கள், வீட்டில் என்ன சொல்லியிருப்பார்கள் என்றும் யோசித்துப் பாருங்கள். வேலையை விட்டுவிட்டு டென்ட்டைத் தூக்கிக்கொண்டு தென்னிந்தியா முழுக்கச் சுற்றி, பர்மா வரைக்கும் போய்ப் படம் காட்டினார். 1914-ல் ஊர் திரும்பி நிரந்தரமாகக் கட்டியதுதான் வெரைட்டி ஹால். தென்னிந்தியாவின் மிகப் பழைய நிரந்தர சினிமா கொட்டகைகளில் ஒன்று.

எனக்குப் பிடித்தது அதற்கடுத்த பகுதி. படம் ஓட்ட கரன்ட் வேண்டும், ஊரில் கரன்ட் கிடையாது, அதனால் சொந்தமாக ஜெனரேட்டர் வைத்தார். பகலில் அது சும்மாதானே நிற்கிறது என்று அரிசி மில், மாவு மில், அச்சுக்கூடம் என்று இணைத்துவிட்டார், பக்கத்தில் உள்ளவர்களுக்கும் மின்சாரம் கொடுத்தார். சினிமாவுக்கு வாங்கிய இயந்திரம் மாவு அரைத்தது. இந்த ஊரின் மொத்தக் குணமும் அந்த ஒரு மிஷினில் இருக்கிறது என்பேன்.

சினிமா கொட்டாய்க்கும் சமூக மாற்றத்துக்கும் என்னங்க சம்பந்தம்? சும்மா சேர்த்துச் சொல்றீங்களா?

சேர்த்துச் சொல்லவில்லை. கொட்டகையில் இடம் பிரித்தது டிக்கெட்டின் விலை: தரை, பெஞ்சு, நாற்காலி. பணம் கொடுத்தால் பெஞ்சு. கோயிலிலும் கிணற்றடியிலும் டீக்கடையிலும் ஆளைப் பார்த்து இடம் சொன்ன காலத்தில் காசைப் பார்த்து இடம் சொன்னது புதுசு. இருட்டில் பக்கத்தில் யார் உட்கார்ந்திருக்கிறார் என்றும் தெரியாது.

அதற்காகச் சாதி போய்விட்டது என்று நான் சொன்னதாக யாரிடமும் சொல்லாதீர்கள். அதே கொங்குச் சீமையில்தான் டீக்கடையில் இரட்டை டம்ளர் வெகுகாலம் இருந்தது. கொட்டகையை விட்டு வெளியே வந்தால் பழைய கதைதான். ஆனாலும் இரண்டு மணி நேரம் ஒரு விதி செல்லாமல் போன இடம் என்பது சின்ன விஷயமில்லை.

தென்னிந்திய மான்செஸ்டர்னு சொல்றாங்களே, இத்தனை மில்லு எப்படி வந்தது?

சுற்றிலும் கரிசல் மண், பருத்தி. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் ஈரக்காற்றில் நூல் சீக்கிரம் அறுந்துபோகாது. ஆள் இருந்தார்கள், ரயில் வந்துவிட்டது. 1888-ல் ராபர்ட் ஸ்டேன்ஸ் முதல் மில்லைக் கட்டினார், 1910-ல் லட்சுமி மில்ஸ் வந்தது. ஆனால் உண்மையான பாய்ச்சல் 1930-களில். நீலகிரியில் பைக்காரா நீர்மின் திட்டம் 1932-ல் ஓடத் தொடங்கி, மலையிலிருந்து கம்பி வழியாக கரன்ட் இறங்கியதும் மில்லுக்கு மேல் மில் முளைத்தது. நிலக்கரிக்குக் காத்திருக்க வேண்டியதில்லை என்ற ஒன்றே போதுமாக இருந்தது.

அந்த மில் சங்கொலியை வைத்துத்தான் ஊரே நேரம் பார்த்தது. இப்போது லட்சுமி மில்ஸ் வளாகத்தில் கடைகளும் உணவகங்களும் இருக்கின்றன. பஸ்ஸில் மட்டும் இன்னும் "லட்சுமி மில்ஸ் எறங்குங்க" என்பார்கள்.

மோட்டாரு, பம்பு செட்டுல என்ன சமூக மாற்றம்? அது வியாபாரம்தானே?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. மில் வந்தால் மிஷின் ரிப்பேர் வரும், ரிப்பேர் வந்தால் பட்டறை வரும், பட்டறைக்காரன் ஒருநாள் உதிரிபாகத்தைத் தானே வார்த்துப் பார்ப்பான். அப்படித்தான் இங்கே பவுண்டரிகள் பெருகின. ஜி.டி. நாயுடுவும் டி. பாலசுந்தரம் நாயுடுவும் சேர்ந்து 1937-ல் பீளமேட்டில் மின் மோட்டார் செய்தார்கள், இந்தியாவில் உருவான முதல் மோட்டார் என்று சொல்லப்படுவது அதுதான். மோட்டாரைக் கிணற்றில் மாட்டினால் பம்பு செட்.

அதற்கு முன் கிணற்றில் என்ன நடந்தது என்று தெரிந்தால்தான் மாற்றம் புரியும். கவலை இறைத்தார்கள். இரண்டு மாடுகளைச் சரிவில் முன்னும் பின்னும் ஓட்டி, தோலால் தைத்த பெரிய பையில் தண்ணீர் ஏற்றுவார்கள், விடியற்காலை இரண்டு மணிக்குக்கூட மாடு பூட்டுவார்கள். அந்தத் தோல் பையைத் தைப்பதும் ஒட்டுப்போடுவதும் அருந்ததியர் வேலை. அதற்குக் கூலி தானியமாக வரும், தோட்டக்காரக் குடும்பத்துக்கும் அவர்களுக்கும் தலைமுறைக் கட்டு. கட்டு என்றால் இரண்டு அர்த்தத்திலும்தான்: நம்பிக் கிடக்கலாம், விட்டுப் போக முடியாது. பம்பு செட் வந்தது, தோல் பைக்கு வேலை இல்லை. தானியமும் நின்றது, கட்டும் தளர்ந்தது. சிலருக்கு அது பசி, சிலருக்கு ஊரைவிட்டு மில்லுக்கும் பட்டறைக்கும் போகக் கிடைத்த வழி, பலருக்கு இரண்டும் ஒன்றாக. மோட்டார் கண்டுபிடித்தவர்கள் இதை நினைத்துச் செய்யவில்லை. ஆனால் நடந்தது இதுதான்.

தோட்டக்காரர்களுக்கும் கதை அங்கே முடியவில்லை. மாட்டை நம்பியிருந்தவர்கள் மின்வாரியத்தை நம்ப வேண்டியதாயிற்று. கட்டணம் ஏறியபோது நாராயணசாமி நாயுடு தலைமையில் 1972-ல் மாட்டுவண்டிகளைக் கொண்டுவந்து கோவைத் தெருக்களையே அடைத்தார்கள். மோட்டாருக்குக் கட்டணம் குறைக்கச் சொல்லி மாட்டுவண்டியில் வந்த போராட்டம். 1990-ல் விவசாயத்துக்கு இலவச மின்சாரம் வந்ததற்கு இப்படி நீண்ட முன்கதை உண்டு.

கிரைண்டரைக் கண்டுபிடிச்சது உண்மையாவே கோயமுத்தூர்க்காரங்களா?

ஆமாம். பி. சபாபதி என்பவர் 1955-ல் செய்தார். "கோயமுத்தூர் வெட் கிரைண்டர்" என்ற பெயருக்கு 2005-06-ல் புவிசார் குறியீடும் கிடைத்தது. கல் ஊத்துக்குளிப் பக்கத்துக் கல், மோட்டார் நம்ம ஊர் மோட்டார்.

இதில் இருக்கிற யோசனையை நடையில் ஒரு சின்னப் பாத்திரத்தையும் எலுமிச்சம்பழத்தையும் வைத்துச் செய்து காட்டுவேன். ஆட்டாங்கல்லில் கல் அப்படியே இருக்கும், குழவி சுற்றும். ஒரு கை குழவியைச் சுற்றும், இன்னொரு கை குழவி வந்து நசுக்குவதற்குள் மாவைத் தள்ளிவிட வேண்டும். அந்த இரண்டாவது கையை மிஷினில் எப்படி வைப்பது? கிரைண்டரில் தலைகீழாக்கினார்கள். குழவி இருந்த இடத்திலேயே நிற்கும், பாத்திரம் சுற்றும். சுற்றுகிற பாத்திரமே மாவைக் கொண்டுவந்து குழவிக்கு அடியில் தள்ளும், ஓரத்தில் ஒட்டுவதை ஒரு பலகை வழித்துவிடும். இரண்டாவது கை தேவையில்லாமல் போய்விட்டது. மெதுவாகச் சுற்றுவதால் மாவு சூடேறாது, உளுந்து பொங்கப் பொங்க வரும். மிக்ஸியில் அரைத்த இட்லியும் கிரைண்டர் இட்லியும் ஒன்றா என்று யாரையாவது கேளுங்கள், அரைமணி நேரம் பேசுவார்கள்.

முதலில் வந்த கிரைண்டரில் ஒரு தொல்லை: மாவு எடுக்க வேண்டுமென்றால் குழவியைத் தூக்க வேண்டும், அது ஒரு ஆள் கனம். அப்புறம் சாய்க்கிற கிரைண்டர் வந்தது, அப்புறம் மேசைமேல் வைக்கிற சின்னது.

கிரைண்டர் வந்து பொம்பளைங்களுக்கு விடுதலை கிடைச்சதுன்னு சொல்றது கொஞ்சம் ஓவரா இல்லீங்களா?

ஓவர்தான், நான் அப்படிச் சொல்லவில்லை. எங்கள் அமுச்சி (அம்மாவின் அம்மா) வாரத்துக்கு இரண்டு நாள் ஒன்றரை மணி நேரம் ஆட்டாங்கல் முன்னால் உட்கார்ந்திருப்பார். வலது தோளைவிட இடது தோள் சற்று இறங்கியிருக்கும். கிரைண்டர் வந்த பிறகு அந்த ஒன்றரை மணி நேரம் மிச்சமாயிற்று. அதில் அவர் படுத்துத் தூங்கினாரா? இல்லை. முன்பு வாரம் இரண்டு நாள் இட்லி தோசை என்றிருந்தது தினமும் என்றாயிற்று. மாவு அரைப்பது சுலபமாகிவிட்டதே, இன்னும் இரண்டு சுட்டால் என்ன என்று வீட்டு ஆண்கள் கேட்டார்கள். மிஷின் மிச்சம் பிடித்த நேரத்தை யார் எடுத்துக்கொள்வது என்பது மிஷின் முடிவு செய்கிற விஷயமில்லை.

ஆனாலும் ஒன்று. 2011-க்குப் பிறகு அரசு இலவசமாக மிக்ஸி, கிரைண்டர், ஃபேன் கொடுத்தபோது நிறையப் பேர் கேலி பேசினார்கள். பேசியவர்கள் வீட்டில் எல்லாம் ஏற்கெனவே கிரைண்டர் இருந்தது. ஆட்டாங்கல்லில் உட்கார்ந்த ஒருவர்கூட அதைக் கேலி பேசி நான் கேட்டதில்லை. அம்மாவைக் கூட்டிக்கொண்டு வரச் சொன்னது இதற்குத்தான்.

ஜி.டி. நாயுடு பத்தி வாட்ஸ்அப்ல வர்றதெல்லாம் உண்மையா?

பாதி. உண்மையான பாதியே போதும், மீதியை யாரும் சேர்த்திருக்கவே வேண்டாம். 1893-ல் கலங்கலில் பிறந்தார், பள்ளிப் படிப்பு சரியாகக் கிடையாது. வெள்ளைக்கார அதிகாரி ஒருவரின் மோட்டார் சைக்கிளைப் பார்த்து ஆசைப்பட்டு, கோவையில் ஓட்டலில் சர்வராக வேலை பார்த்துப் பணம் சேர்த்து அந்த வண்டியையே வாங்கி, பிரித்துப் போட்டுப் பூட்டக் கற்றுக்கொண்டார். 1920-ல் ஒரே ஒரு பஸ்ஸை வைத்துப் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் நடுவே ஓட்டத் தொடங்கினார், அது யு.எம்.எஸ். என்ற பெரிய கம்பெனியாக வளர்ந்தது. மின்சார ஷேவிங் ரேசர், மெல்லிய பிளேடு, பழச்சாறு பிழியும் கருவி, ஓட்டுப் பதிவு இயந்திரம், மண்ணெண்ணெயில் ஓடும் ஃபேன், குறைந்த விலை ரேடியோ என்று பட்டியல் நீளும். அருங்காட்சியகத்தில் நேரில் பாருங்கள், பக்கத்தில் பழைய கார்களுக்குத் தனி இடமும் உண்டு.

அவரை வளர விடாம அரசாங்கம் கெடுத்துட்டாங்கன்னு சொல்றாங்களே?

சின்ன கார் ஒன்றை இரண்டாயிரம் ரூபாய்க்குக் கொடுக்கிறேன் என்று 1952-ல் செய்து காட்டினார், தயாரிக்க உரிமம் கிடைக்கவில்லை. வரிக்கொள்கையை எதிர்த்துத் தன் பொருட்களைப் பொதுமக்கள் முன்னாலேயே அடித்து உடைத்தார். இதெல்லாம் நடந்தது. ஆனால் அந்தக் காலத்தில் உரிமம் கிடைக்காமல் தவித்தவர் அவர் ஒருவர் மட்டுமில்லை, நாடு முழுக்க அதே கதை. ஒரு ஆளைக் குறிவைத்த சதி என்று சொன்னால் கதை சுவையாக இருக்கும், அவ்வளவுதான்.

இதைவிட எனக்கு முக்கியமாகப்படுவது அவர் படிப்பைப் பற்றிச் சொன்னது. 1945-ல் அவருடைய கொடையில் அப்போதைய சென்னை கவர்னர் ஆர்தர் ஹோப் பெயரில் பாலிடெக்னிக்கும் பொறியியல் கல்லூரியும் வந்தன, இன்றைய அரசு தொழில்நுட்பக் கல்லூரியின் வேர் அதுதான். பையன்களுக்கு வேலை கற்றுக்கொடுக்க இத்தனை வருடம் எதற்கு, குறைவான காலத்தில் பட்டறையிலேயே கற்றுக்கொடுக்கலாம் என்று வாதாடினார், அரசு ஏற்கவில்லை, விலகிவிட்டார். பள்ளிக்கூடத்தில் தேறாத ஒருவர் சொன்னதால் காதில் விழவில்லையோ என்னவோ. நாலு வருடம் படித்துவிட்டு ஸ்பேனர் பிடிக்கத் தெரியாத பையன்களை வேலைக்கு எடுத்துத் தலையில் கைவைத்திருக்கும் பட்டறை முதலாளிகளிடம் இந்தக் கதையைச் சொல்லிப் பாருங்கள்.

எல்லாப் பேரும் நாயுடு, நாயுடுன்னே வருதே, வேற யாருமே எதுவும் பண்ணலையா?

ஒவ்வொரு தடவையும் யாராவது ஒரு காலேஜ் பெண் இதைக் கேட்பாள், கேட்க வேண்டியதுதான். நிலம் இருந்தவர்களிடம் பருத்தி இருந்தது, பருத்தியில் பணம் வந்தது, பணம் மில்லாயிற்று. நாயுடு என்று பெயருக்குப் பின்னால் போட்டுக்கொள்ளும் கம்மவார் குடும்பங்கள் அப்படி வளர்ந்தன. பி.எஸ்.ஜி. சகோதரர்கள் 1926-ல் சொத்தை ஐந்து பங்காக்கி, நாலு பேருக்கு நாலு, தர்மத்துக்கு ஐந்தாவது என்று எழுதி வைத்தார்கள், அந்த ஐந்தாவது பங்கில்தான் அத்தனை கல்லூரிகளும். அதை மதிக்கிறேன். அதே சமயம் பவுண்டரியில் மணல் அச்சுப் பிடித்து, உருகிய இரும்பை ஊற்றி, "இந்த வளைவு சரிவராது முதலாளி" என்று சொன்னவர்கள் யாருடைய பெயரும் கல்வெட்டில் இல்லை. கண்டுபிடிப்பு என்று நாம் சொல்வதில் பாதி அவர்கள் கையில் நடந்தது.

பெயர் விவகாரம் புதுசும்கூட. 2025 அக்டோபரில் அவிநாசி ரோட்டில் பத்து கிலோமீட்டர் மேம்பாலம் திறந்து ஜி.டி. நாயுடு பெயர் வைத்தார்கள். தெருக்களில் சாதிப்பெயரை நீக்கச் சொல்லி அரசு உத்தரவு போட்ட அதே சமயத்தில். இது ஆளின் பெயரா சாதியின் பெயரா என்று ஊரே சண்டை போட்டது. நடையில் அந்தத் தூண்களுக்குக் கீழே நின்று இரண்டு தரப்பையும் பேசவிடுவேன். வெறும் ஜி.டி. என்று வைத்தால் யாருக்கும் புரியாது என்பது உண்மை, எல்லோருக்கும் புரிகிற பெயராக அது ஏன் ஆயிற்று என்று கேட்பதும் நியாயம்.

ஜெயிலுக்கு முன்னாடி ஏன் நிறுத்தறீங்க? அங்க என்ன இருக்குது?

வ.உ.சி. 1908 ஜூலையிலிருந்து 1910 டிசம்பர் வரை இந்தச் சிறையில் இருந்தார், செக்கிழுத்தார். வெள்ளைக்காரன் கப்பலுக்கு எதிராகச் சுதேசிக் கப்பல் விட்டவர், தூத்துக்குடி மில் தொழிலாளர் வேலைநிறுத்தத்துக்கு நின்றவர். அவரை மாடு சுற்ற வேண்டிய செக்கில் கட்டினார்கள். மேலே கவலையைப் பற்றிச் சொன்னேனே, மாட்டின் வேலையை மோட்டாருக்கு மாற்ற இந்த ஊர் மண்டையை உடைத்துக்கொண்டது என்று, அதே ஊரில் மாட்டின் வேலையை மனிதனுக்குக் கொடுத்த இடமும் இருக்கிறது.

இன்னொன்றும் உண்டு. சின்னியம்பாளையத்து ரங்கவிலாஸ் மில் தொழிலாளர்கள் ராமையன், ரங்கண்ணன், வெங்கடாசலம், சின்னையன். மில் தகராறில் பொன்னான் என்ற அடியாள் இறந்துபோன வழக்கில் நாலு பேருக்கும் மரண தண்டனை, 1946 ஜனவரி 8 அன்று இந்தச் சிறையில் தூக்கு. அதே வருடம் ஸ்டேன்ஸ் மில்லில் துப்பாக்கிச் சூடு நடந்து தொழிலாளர்கள் செத்தார்கள். எட்டு மணி நேர வேலை, போனஸ், பெண்களைக் கண்ணியமாக நடத்துவது எல்லாம் சும்மா வந்ததில்லை. மில் கதையை இங்கே நிறுத்தாமல் சொன்னால் அது பாதிக் கதை. சிறை நிலத்தில் ஒரு பகுதி இப்போது செம்மொழிப் பூங்கா, ஜனங்கள் பூச்செடி முன்னால் செல்ஃபி எடுக்கிறார்கள். சிறைப் பக்கம் மட்டும் கேமராவைத் திருப்பாதீர்கள்.

பெண் விஞ்ஞானி யாருமே இல்லீங்களா இந்த ஊர்ல?

இருந்தார், ஜானகி அம்மாள். தலச்சேரியில் 1897-ல் பிறந்தவர், அமெரிக்காவில் மிச்சிகனில் முனைவர் பட்டம் வாங்கிவிட்டு 1934-லிருந்து 1939 வரை இங்கே கரும்பு ஆராய்ச்சி நிலையத்தில் வேலை பார்த்தார். அந்த நிலையம் 1912-ல் தொடங்கியது. பார்பரும் வெங்கட்ராமனும் காட்டு நாணலைக் கரும்போடு சேர்த்து வட இந்தியக் குளிரையும் தாங்குகிற ரகங்களை உண்டாக்கிய இடம். கரும்பு ரகங்களுக்கு முன்னால் 'கோ' என்று போடுகிறார்களே, அது நம்ம ஊர்தான்.

ஜானகி அம்மாள் கரும்பைச் சோளத்தோடும் மூங்கிலோடும் கலப்பினம் செய்து பார்த்தார். தனியாக வாழ்ந்த பெண், அதுவும் பின்தங்கிய சாதி. ஆண்களுக்கு நடுவில் அவருக்கு அது சுகமான இடமாக இருக்கவில்லை. லண்டனுக்குப் போய்விட்டார், 1951-ல் நேரு கூப்பிட்டுத்தான் இந்தியாவுக்குத் திரும்பினார். நிலையம் வடவள்ளி போகிற பக்கம் இருப்பதால் நடையில் வராது. இந்தக் கதையை வ.உ.சி. பூங்கா மரத்தடியில் உட்கார்ந்து சொல்கிறேன்.

படம்கூட எடுத்தாங்களே, நாப்கின் மிஷின்காரர், அவரு வீட்டைக் காட்டுவீங்களா?

காட்ட மாட்டேன், யார் வீட்டு வாசலிலும் கூட்டமாகப் போய் நிற்பதில்லை. அருணாசலம் முருகானந்தத்தின் கதையைச் சொல்ல வீடு தேவையில்லை, வழியில் இருக்கும் ஏதாவது ஒரு மெடிக்கல் ஷாப் போதும். நெசவாளி வீட்டுப் பிள்ளை, அப்பா இறந்ததால் பதினாலு வயதோடு பள்ளியை விட்டவர், வெல்டிங் பட்டறையில் வேலை. மனைவி பழைய துணியை மறைத்து வைத்துப் பயன்படுத்துவதைப் பார்த்துவிட்டு, பஞ்சை வைத்துத் தானே நாப்கின் செய்யக் கிளம்பினார். சோதித்துப் பார்க்க யாரும் கிடைக்காமல் ஃபுட்பால் பிளாடரில் ஆட்டு ரத்தத்தை நிரப்பித் தானே கட்டிக்கொண்டு நடந்தார், சைக்கிள் ஓட்டினார். ஊர் பைத்தியம் என்றது, மனைவி போனார், அம்மாவும் போனார். கம்பெனி நாப்கினில் இருப்பது வெறும் பஞ்சில்லை, மரக்கூழ் நார் என்று தெரியவே இரண்டு வருடத்துக்கு மேல் ஆயிற்று.

கோடிக்கணக்கில் விலை சொன்ன மிஷினின் வேலையை ஏறக்குறைய அறுபத்தைந்தாயிரம் ரூபாய் மிஷினில் செய்து காட்டினார். பெரிய கம்பெனிக்கு விற்காமல் மகளிர் குழுக்களுக்குக் கொடுத்தார். மனைவி திரும்பி வந்தார், 2016-ல் பத்மஸ்ரீ. மேலே கிரைண்டரில் மிச்சமான நேரத்தை யார் எடுத்துக்கொண்டார்கள் என்று கேட்டேனே, இங்கே மிஷினே பெண்கள் கையில் போனது, அதனால் இந்த இரண்டையும் சேர்த்தே சொல்வேன். கதை முடிந்ததும் கூட்டத்தில் ஒருவரை உள்ளே போய் ஒரு பாக்கெட் வாங்கிவரச் சொல்வேன். ஒவ்வொரு தடவையும் நியூஸ் பேப்பரில் சுற்றி, கறுப்புக் கவரில் போட்டுத்தான் கொடுக்கிறார்கள்.

நீங்க இல்லாம நாங்களே நடந்துக்கலாமா?

தாராளமாக. வழி மேலே இருக்கிறது, காலை ஆறரைக்கு ஆரம்பியுங்கள், நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை நல்ல காலம். அருங்காட்சியகம் திறந்திருக்கிற நாளா என்று முன்பே விசாரித்துக்கொள்ளுங்கள். பெரியவர் ஒருவரைக் கூடச் சேர்த்துக்கொள்ளுங்கள், முடிந்தால் மில்லில் வேலை பார்த்தவராக.

நடந்து முடிச்சு எங்க சாப்பிடறது?

ஓட்டல் பெயர் சொல்ல மாட்டேன், சொன்னால் சண்டை வரும். அவிநாசி ரோட்டிலிருந்து ஏதாவது ஒரு குறுக்குச் சந்தில் நுழையுங்கள், சின்ன மெஸ்ஸாகப் பாருங்கள். பின்பக்கம் கடகடவென்று ஒரு சத்தம் கேட்டால் அங்கேயே மாவு அரைக்கிறார்கள் என்று அர்த்தம், உட்கார்ந்துவிடலாம். சத்தமே கேட்கவில்லை என்றால் பாக்கெட் மாவு, அடுத்த கடைக்குப் போங்கள்.